மவுண்ட் ரோடு விருந்தும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

டிராம் மவுண்ட் ரோட்டில் திரும்பியதும் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து அந்த ஹோட்டல் தெரிகிற பக்கத்துக்குப் போய்விடுவேன். வெள்ளைத் தூண்கள், வாசலில் வளைந்து வருகிற செம்மண் பாதை, நிழலில் நிற்கிற மோட்டார்கள், படியில் தலைப்பாகையோடு ஒரு சேவகன். டிராம் நகர்கிற நேரத்துக்குள் அதற்கு மேல் பார்க்க முடியாது. மிச்சத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து நிரப்பிக்கொள்வேன். உள்ளே ஒரு சாப்பாட்டு மண்டபம் மட்டும் இல்லையாம், தேநீருக்கு என்று தனி வராந்தா, இறைச்சியை நெருப்பில் வாட்டித் தருவதற்குத் தனி அறை, ஐஸ் கிரீமுக்குத் தனி இடம், சாயங்காலம் பாண்டு வாசிக்க மெழுகு தேய்த்த மரத்தரைக் கூடம்.

எங்கள் மயிலாப்பூரில் ஹோட்டல் என்றால் இட்லியும் காபியும் கிடைக்கிற இடம். வாசல் பலகையிலேயே பிராமணாளுக்கு என்று எழுதியிருக்கும். அதையும் இதையும் ஒரே வார்த்தையால் சொல்லுகிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்தப் பெரிய ஹோட்டலுக்குள் ஒரு தரம் நுழைந்து பார்க்காமல் பி.ஏ. முடிக்கக்கூடாது என்று வைராக்கியமே வைத்திருந்தேன். எனக்கு எதன் மேலாவது ஆசை வந்தால் அது வைராக்கியமாகத்தான் வரும்.

இந்த ஆசையை நான் ஓயாமல் கொட்டித் தீர்த்தது என் சிநேகிதனிடம். நாலாம் பாரத்திலிருந்து ஒரே பெஞ்சு, இப்போது ஒரே கலாசாலை. கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் அவன் வீடு. முன் அறையில் அவன் தகப்பனாரின் தையல் மிஷின்கள் ஓடும். அந்த ஹோட்டல் சேவகர்களுக்கு உடுப்பு தைப்பது அவர்கள்தான் என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் துள்ளின துள்ளலைப் பார்த்து அவன் சிரித்தான். நீண்ட வெள்ளை அங்கி, பச்சை இடுப்புப் பட்டை, மார்பில் சரிகையால் ஒரு கிரீடம், கிரீடத்துக்குக் கீழே இரண்டு பனை ஓலை. அந்தச் சரிகை வேலை முழுவதும் அவன் அம்மா கை. தைத்த உடுப்புகளை அவன் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஹோட்டலின் பின் வாசலில் கொடுத்துவிட்டு வருவான். சமையலறை வரைக்கும் பார்த்திருக்கிறான், முன் மண்டபத்தைப் பார்த்ததில்லை. அவன் அம்மா எதையுமே பார்த்ததில்லை. சரிகைக் கிரீடத்தை மட்டும் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்த வீட்டில் நான் சாப்பிடுகிற முறையைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை போனபோது எனக்குப் பையன் வயசு. அவன் அம்மா ஒரு தட்டில் ஏதோ இனிப்பைக் கொண்டு வந்து வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு போனார், உரிக்காத வாழைப்பழம் ஒன்றோடு வந்தார். தோல் மூடின பழத்துக்குத் தீட்டில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்திருந்தது. அன்று முதல் நான் வருகிற நாளில் அந்த வீட்டு உத்தரத்துக் கொக்கியில் ஒரு சீப்புப் பழம் தொங்கும். தாகம் என்றால் தண்ணீர் கொடுக்கமாட்டார். வாசலில் இளநீர்க்காரனைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே சீவச் சொல்லி, அவன் கையிலிருந்தே என்னை வாங்கிக்கொள்ளச் சொல்லுவார். எனக்கு மீசை அரும்பிய பிறகு அவர் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பழத்தட்டைப் பிடித்த கை மட்டும் திரைக்கு வெளியே வரும். என் சிநேகிதனும் எனக்குத் துணையாகப் பழத்தையே தின்பான். அவன் வீட்டில் என்ன சமைத்திருந்தாலும் நான் கிளம்பின பிறகுதான் அவன் சாப்பிட உட்காருவான்.

நான் ஆசாரக்காரன் இல்லை, அதுதான் இதில் விசேஷம். குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு மாதம் ரகளை பண்ணினவன். லஸ் பக்கத்தில் வாலிபர்கள் நடத்திய சமபந்தி போஜனத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். அங்கே எல்லா ஜாதியும் பந்தியில் இருந்தார்கள், சமையற்காரர் மட்டும் எங்கள் தெரு ஐயர். அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் கலாசாலைகளுக்குள் நடந்த பேச்சுப் போட்டியில் நானும் அவனும் ஜோடியாகப் பேசினோம். ஜாதிக் கட்டுப்பாடுகள் தேசத்துக்குத் தடை என்பது எங்கள் கட்சி. அவனுக்கு யோசனை ஓடும், எனக்குத் தொண்டை ஓடும். ஒரு பிடி சோற்றைப் பகிர்ந்துகொள்ள முடியாதவர்கள் ஒரு தேசத்தை எப்படிப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்று நான் கேட்டபோது ஹாலே கை தட்டியது. வாக்கியம் அவனுடையது. அவன் எழுதிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தான் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

ஜெயித்தோம். எங்கள் இங்கிலீஷ் புரொபசர், நல்ல மனிதர், அடுத்த கப்பலில் சீமைக்குத் திரும்ப இருந்தவர், எங்கள் இரண்டு பேரையும் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எங்கே என்று சொன்னதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதே வெள்ளைத் தூண் ஹோட்டல்.

அந்த வாரம் முழுவதும் நான் படித்தது கத்தியும் முள்கரண்டியும்தான். லைப்ரரியில் ஒரு நடத்தைப் புஸ்தகம் கிடைத்தது. வெளியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வரவேண்டும், சூப்பை உறிஞ்சக்கூடாது, துணியை மடியில் போடவேண்டும். எல்லாவற்றையும் அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

மூடின கோட்டும் சரிகை வேஷ்டியுமாக நான், ஷெர்வானியில் அவன். முன் வாசல் படியேறும்போது அவன் ஒரு விநாடி தயங்கினான். பின் வாசலுக்குப் பழகின கால். நான் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

சாப்பாட்டு மண்டபத்தை நான் கற்பனை செய்ததெல்லாம் போதவில்லை. மேலே வரிசையாக மின்சார விசிறிகள், சத்தமே இல்லை. சுவர் நெடுகக் கண்ணாடிகள், அதனால் ஒவ்வொரு மேஜையும் தூரத்தில் இன்னொரு முறை போடப்பட்டிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைத் துணிகள், அவற்றின் மேல் வெள்ளிச் சாமான்கள், நடுவில் தண்ணீரில் மிதக்கிற ரோஜா. பேசுகிறவர்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள், அதுவே எனக்குப் பெரிய நாகரிகமாகப் பட்டது. சேவகன் குனிந்து என் மடியில் துணியை விரித்தபோது அவன் மார்பிலிருந்த சரிகைக் கிரீடம் என் கண்ணுக்கு வெகு அருகே வந்தது. இரண்டு ஓலை. ஓலையின் நரம்புகூடத் தெரிகிற வேலை. என் சிநேகிதனைப் பார்த்துக் கண்ணால் காட்டினேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மாமிசம் தொடாதவன் என்று புரொபசர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். எனக்குத் தனியாக வந்தது. அவனை என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் மிக மரியாதையாக, தனக்கு ரொட்டியும் பழமும் போதும் என்றான். தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சியாக இருக்காது, பலகாரங்களில் மது சேர்ப்பார்கள், ஆகையால் என்று இரண்டே வாக்கியத்தில் காரணமும் சொன்னான். புரொபசர் தலையாட்டினார், அவன் மேல் அவருக்கு மதிப்பு கூடினது தெரிந்தது. ஒரு வெள்ளித் தாங்கியில் பழங்கள் வந்தன. அவன் ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே கத்தியாலும் முள்கரண்டியாலும் தோலை நீக்கி, வட்டம் வட்டமாக நறுக்கிச் சாப்பிட ஆரம்பித்தான்.

எனக்குக் காய்கறி சூப் வந்தது. கரண்டியை எடுத்தேன். மேஜைக்கு அடியில் அவன் கால் என் காலை அழுத்தியது. அந்தச் சமையலறையைப் பார்த்தவன் அவன். பெரிய அண்டாக்களில் எலும்பு கொதிக்கிற தண்ணீரிலேதான் அங்கே எல்லா சூப்பும் செய்வார்கள் என்று முன்னொரு நாள் எனக்குச் சொன்னவனும் அவனே. அழுத்தினதன் அர்த்தம் எனக்கு அந்த நொடியே புரிந்தது. புரியாதவன் போலக் காலை நகர்த்திக்கொண்டேன்.

குடித்தேன், உறிஞ்சாமல். நன்றாக இருந்தது. அப்புறம் உருளைக்கிழங்கில் செய்த ஏதோ, வெளியே மொறுமொறு என்று. அப்புறம் ஆடுகிற புட்டிங், மேலே கருக்கின சர்க்கரைப் பாகு. முட்டை இல்லாமல் அது அப்படி ஆடாது என்று எனக்குத் தெரியாதா. சாப்பாடு முடிந்து புரொபசர் எங்களைச் சுற்றிக் காட்டினார். நாற்காலிகள் கவிழ்த்து வைத்த நடனக் கூடம், பிரம்பு நாற்காலிகளில் துரைசானிகள் காபி குடிக்கிற வராந்தா, கடைசியில் ஐஸ் கிரீம். அதையும் சாப்பிட்டேன். சமைத்தவன் யார், என்ன ஜாதி, எந்தப் பாத்திரம் என்கிற கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு அந்த மத்தியானம் எழவில்லை. கச்சேரி ரோட்டுச் சந்தில் இத்தனை வருஷமாக அந்தக் கேள்விகள் எல்லாம் நான் கேட்காமலே கேட்கப்பட்டுப் பதிலும் சொல்லப்பட்டு வந்தன.

திரும்பி வருகிற டிராமில் நான் பேசிக்கொண்டே வந்தேன். விசிறி, கண்ணாடி, புட்டிங். ராயப்பேட்டை தாண்டின பிறகுதான் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது உறைத்தது. என்னடா என்றேன்.

"ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட நீ சாப்ட்டத மட்டும் சொல்லாதே."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உங்காளுங்க வெளில எங்கியும் சாப்பாட்டுல கை வெக்க மாட்டாங்கன்னு அவங்க நெனச்சிகினு கீறாங்க. எல்லா எடத்துலயும் அப்டித்தான், நம்ம வூட்ல மட்டும் இல்லன்னு. அது அப்டியே இருக்கட்டும்டா."

கோபம் இல்லை அவன் குரலில். கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு வாதம் பண்ணியிருப்பேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அதற்கு மேல் அவனுக்கு என்னிடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. சரிகை போட்ட உடுப்பு சேவகர்கள் உடம்பில் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்து வந்து சொல்லவேண்டும் என்பது அவன் அம்மா முன்னாலேயே கேட்டுக்கொண்ட விஷயம். அவன் சொன்னால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவானாம், நான் சொன்னால் பார்த்த மாதிரியே இருக்குமாம்.

சொன்னேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. மண்டபத்தைச் சொன்னேன், கண்ணாடிக்குள் கண்ணாடியாக அவருடைய கிரீடங்கள் நடந்து போனதைச் சொன்னேன், சேவகன் குனிந்தபோது சரிகை மினுங்கினதைச் சொன்னேன். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. தையல் மிஷினைக்கூட நிறுத்திவிட்டு அவன் தகப்பனாரும் கேட்டார். நான் முடித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது.

"இன்னா பேட்டா, அவ்ளோ பெரிய எடத்துல நீ பசியோட குந்திகினு இருந்தியா?"

நான் வாயைத் திறந்தேன். என் சிநேகிதன் என்னைப் பார்த்தான்.

"பழம் குடுத்தாங்கம்மா," என்றேன்.

"ஆமாம்மா," என்றான் அவன். "வாழைப்பழம். கத்தியால வெட்டி வெட்டித் துன்னாச்சு."

அவன் சாப்பிட்டதை எனக்குக் கொடுத்துவிட்டான். அவன் அம்மா திரைக்குப் பின்னால் சிரித்தார். அந்தக் கை வெளியே வந்தது, தட்டு நிறையப் பழம். எனக்கு வயிறு முட்ட இருந்தது. இருந்தும் உரித்தேன். நான் பசியோடு வருவேன் என்று காலையிலேயே சொல்லி வாங்கி வைத்தாராம்.

அன்று முதல் எனக்கு ஒரு புதிய வைராக்கியம் பிடித்துக்கொண்டது. நோன்பு மாதம் அடுத்து வருகிறது, அது முடிந்து ரம்ஜான் பண்டிகை. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அந்த வீட்டில் ஷீர் குர்மா, பாலும் சேமியாவும் பேரீச்சம்பழமும் போட்டு. ஒவ்வொரு வருஷமும் எனக்கு வாழைப்பழம். இந்த வருஷம் நான் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். திருட்டுத்தனமாக இல்லாமல், வீட்டிலும் சொல்லிவிட்டே சாப்பிடுவேன். அப்போதுதான் அது சரியாகும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

வீட்டில் சொல்வதற்கு நோன்பு மாதம் முழுவதும் எடுத்துக்கொண்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தபோது, முதலில் ஹோட்டல் கதையை உடைத்தேன். இடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"புரொபசர் கூப்ட்டா போகாம இருக்க முடியுமா. வெள்ளைக்காரா இடம், சுத்தமாத்தான் இருக்கும்பா. அப்பாகிட்ட சொல்லிண்டு நிக்காதே. பூணலை மாத்திக்கோ, போ."

அவ்வளவுதான். எலும்பு சூப்பு இவ்வளவு லேசாகக் கரைந்து போகும் என்று எனக்குத் தெரியாது. பிறகு விசிறிகள் மின்சாரத்தில் ஓடினதா என்றுகூட ஆசையாகக் கேட்டாள். அந்தத் தைரியத்தில் மற்றதையும் சொன்னேன். நாளைக்குப் பண்டிகை, அவன் வீட்டில் ஒரு கிண்ணம் பாயசம் சாப்பிடலாம் என்று இருக்கிறேன். வெறும் பாலும் சேமியாவும்தான்.

அம்மாவின் கை நின்றது.

"அது வேறேடா."

"என்ன வேறே?"

"வேறேன்னா வேறே. மவுண்ட் ரோடு எங்கேயோ இருக்கு. அது நம்ம தெருக்கோடி. உன் தங்கைக்கு வரன் பாத்துண்டிருக்கு, ஞாபகம் இருக்கோன்னோ?"

பேச்சுப் போட்டியில் எதிர்க்கட்சியைத் திணற அடித்தவன் நான். அம்மாவுக்குச் சொல்லப் பத்துப் பதில் இருந்தது. வாக்கியங்கள்கூட வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டேன். அப்போது எனக்கு வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. வேண்டாம் என்று சொல்ல இன்னொருத்தர் கிடைத்துவிட்டார் என்கிற நிம்மதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்ட அந்தப் பையன் அப்படியேதான் உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் போகிறவன் போகாவிட்டால் கேள்வி வரும். பண்டிகை அன்று போனேன். சந்து முழுவதும் அத்தரும் புதுத்துணியும் மணத்தன. மிஷின்களை ஓரமாக நகர்த்தி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே பால் சுண்டுகிற வாசனை, நெய்யில் வறுத்த முந்திரி. அந்த வாசனையில் எனக்கு ஏதோ ஒரு வேகம் வந்துவிட்டது, என் சுபாவமே அப்படி. திரையைப் பார்த்து, எனக்கும் ஷீர் குர்மா கொடுங்களேன் என்று சொல்லிவிட்டேன்.

திரைக்குப் பின்னால் கிண்ணங்களின் சத்தம் நின்றது. அவன் என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ஓடின வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நெசமாவா பேட்டா?" அவர் குரல் கொஞ்சம் கம்மியது. பிறகு நிதானமாகக் கேட்டார். "அம்மாகிட்ட கேட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, ஆனாலும் சாப்பிடுகிறேன் என்றிருக்கலாம். ஆமாம், சரி என்றாள் என்று ஒரு பொய்யே சொல்லியிருக்கலாம், ஹோட்டல் விஷயத்தில் சொன்ன மாதிரி. அந்த நேரம் பார்த்து என் வாயில் உண்மைதான் வந்தது.

"கேட்டேன். வேண்டாம்னா."

வாசலில் பையன்கள் பட்டாசு போலச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

"அப்போ வேணாம் ராஜா," என்றார் அவர். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "பெத்தவ மனசு நோவக்கூடாது. அவ சொல்லுக்கு நிக்கற புள்ள நீ. எங்க போனாலும் அப்டித்தான் இருந்துகினு வர்ற, அந்தப் பெரிய ஹோட்டல்லயும் பழம் துன்னுட்டு வந்த புள்ளயாச்சே."

அவன் அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதுதான் அவன் கேட்டது. தெரியவில்லை. அந்த மட்டில் நான் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

இந்தத் தரம் இரண்டு கையும் வெளியே வந்தன. ஒரு கையில் கிண்ணம், அவனுக்கு. மறு கையில் தட்டு, எனக்கு. பழங்கள் அன்றைக்கென்று பொறுக்கி எடுத்தவை, ஒரு கரும்புள்ளி இல்லை.

இத்தனை வருஷத்தில் என் முன்னால் அவன் வீட்டுப் பலகாரத்தை அவன் சாப்பிட்டதில்லை என்று மேலே சொன்னேன். அன்றைக்குக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். கரண்டியைப் பிடித்தான், நான் அந்தப் புஸ்தகத்திலிருந்து சொல்லிக் கொடுத்தபடியே, நுனி விரல்களால். உறிஞ்சாமல் சாப்பிட்டான். என்னைப் பார்க்கவில்லை.

"நல்லா கீதும்மா," என்றான் திரையைப் பார்த்து. "இந்த வருஷம் முந்திரி நெறய."

நான் பழத்தை உரித்தேன். அவன் கிண்ணம் காலியாகிற வரைக்கும் அந்த ஒரே பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டி கிண்ணத்தின் அடியில் தட்டிற்று. திரை அசைந்தது.

"இன்னொண்ணு வெக்கவா பேட்டா?"

அவர் கேட்டது அவனையா என்னையா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம். அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். கை மட்டும் திரைக்கு வெளியே நின்றது, பழத்தோடு. சரிகை ஊசி குத்திக் குத்தி விரல் நுனிகள் காய்ப்பேறியிருந்தன. தட்டை நீட்டினேன்.